வெறும் வயிறும் இரண்டு மணி நேரமும்

முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று ரத்தம் கேட்பது என் தொழில். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கும்பிடாவது கிடைக்கும். தவணை வசூலுக்கு வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் பயமாவது இருக்கும். எங்களைக் கண்டால் கதவு பாதி மூடும்; அந்தப் பாதிக் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கும். மக்கள் தொகைக் கணக்கு எடுத்தவர்கள், சொட்டு மருந்துப் பெட்டியோடு அலைந்தவர்கள், இன்சூரன்ஸ் பிடிக்கப் போனவர்கள் எல்லாருக்கும் அந்தக் கண்ணைத் தெரியும். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

ஆள் பிரிக்கிற வேலை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பெரிய காய் ஒரு பக்கம், பொடிக் காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். வாய்க்கு வேலை கிடையாது. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த வேலை எனக்குத் தோதாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இனி இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் டாக்டரம்மா கடைக்கு வந்தார். சின்னமனூரில் பிறந்து, வெளியூர்களில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டு, சர்க்கரை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஊர்ப்பக்கம் திரும்பியவர். ஆட்களை எடை போட, உயரம் அளக்க, நேரம் பார்க்க, பதற்றப்படாத ஒரு பெண் வேண்டும் என்றார். நான் பிரித்து முடித்த குவியலை மறுபடி ஒரு தடவை கிளறிப் பார்த்ததை அவர் கவனித்துக்கொண்டே நின்றிருக்கிறார். "நீங்க வர்றீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு நாளு காயப் பிரிச்ச. போ தனம், இனி ஆளைப் பிரி."

எலி டாக்டர்

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் இல்லை. நாம் சாப்பிடுகிற சோறு உடம்புக்குள் போய் என்னவாகிறது, சிலருக்கு ஏன் அது ரத்தத்திலேயே சர்க்கரையாகத் தேங்கிப் போகிறது என்று பார்க்கிறவர். இதைப் பாதி வாழ்க்கை எலிகளை வைத்துப் பார்த்தார். "எலிங்ககிட்ட கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன் தனம். இனிமே மனுஷங்ககிட்டத்தான் கேக்கணும்" என்பார். ஓய்வு பெற இரண்டு வருஷமே இருந்தது. அதற்குள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

அந்தக் கேள்வி இதுதான்: கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிற தேனிக் கடைக்காரருக்குச் சர்க்கரை வருகிறது, சரி. வயலில் இறங்கி வேலை செய்கிற ஜெயமங்கலத்து விவசாயிக்கும், விடிந்ததில் இருந்து மலையில் ஏறி இறங்குகிற கூடலூர் ஏலத்தோட்டப் பெண்களுக்கும் ஏன் வருகிறது? மூன்று கூட்டத்தையும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஒன்று குறைந்தாலும் கேள்வி நொண்டியாகிவிடும்.

ஜெயமங்கலத்தில் முதல் கூட்டம் போட்டபோது, இந்த எலி விஷயத்தை எங்கள் நர்ஸ் எஸ்தர் பெருமையாகச் சொல்லிவிட்டாள். உடனே ஒரு விவசாயி எழுந்தார். "அப்ப எங்க நெல்லு வயல்ல எலித் தொல்லைக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார். டாக்டரம்மா கையைப் பிசைந்தார். "ஐயா, நான் எலியை ஒழிக்கப் படிக்கலை. அதைக் கொழுக்க வச்சு, அதுக்கு எப்படிச் சர்க்கரை வருதுன்னு படிச்சேன்" என்றார். விவசாயி பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "கொழுக்க வைக்க எதுக்கும்மா படிப்பு? எங்க வயல்ல அதுக படிக்காமலே கொழுத்துக் கெடக்கு."

டீ சாப்பாட்டில் சேராது

எங்கள் சோதனை எளிதானது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஒரு தடவை ரத்தம் எடுப்போம். ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கத் தருவோம். இரண்டு மணி நேரம் நடக்காமல், வெற்றிலை போடாமல், எதையும் தின்னாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடி ரத்தம் எடுப்போம். இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். செய்ய வைக்க ஒரு ஜென்மம் ஆகும்.

தேனியில் ஒரு மசாலா வியாபாரி. ஆறு மணிக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "சாப்பிட்டீங்களா?" என்று எஸ்தர் கேட்டாள். "பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார். அவர் மீசையில் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் போனால் வாயில் ஏலக்காய் டீ வாசனை. அந்த வாசனையில் என்னை ஏமாற்ற முடியாது. தயங்கித் தயங்கி, "டீ குடிச்சீகளாண்ணே?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டீயை எவனாச்சும் சாப்பாட்டுல சேப்பானா? அது வாய் கொப்பளிக்கிற மாதிரித்தானம்மா!"

பாஸ், பெயில்

ஜெயமங்கலத்தில் ஓர் அம்மா சோதனைக்கு முந்தின வாரம் முழுக்கப் பாகற்காயும் கொள்ளும் மட்டுமே தின்றிருக்கிறார். முகம் வாடிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எப்பவும் சாப்பிடுற மாதிரி சாப்பிட்டுட்டு வரணும், அப்பத்தான் சரியான கணக்குத் தெரியும்" என்று எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார்: "போன வாரம் எங்க நாத்தனா பாஸாயிட்டா. நான் பெயிலாயிட்டேன்னா அந்த வீட்டுல நான் எப்பிடித் தலைநிமிந்து அடுப்புப் பத்த வைக்கிறது?"

தம்ளரைப் பற்றிய கருத்து

அந்தக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். வெறும் வயிற்றில் திகட்டத் திகட்ட இனிப்பு. ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து முடித்தாக வேண்டும். நான் எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன். அப்படியும் முகம் கோணாமல் குடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

தேனி பலசரக்குக் கடைப் பெரியவர் ஒருவர் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். டாக்டரம்மாவையும் தம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சர்க்கரை இருக்கான்னு பாக்க ஒரு தம்ளர் சர்க்கரையக் குடுக்கிறீக. எங்கயோ புகையுதுன்னு சொன்னா, மண்ணெண்ணெயை ஊத்தித்தான் பாப்பீக போல."

மூணு பேஸ்

ஜெயமங்கலத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு காலை. விவசாயிகள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ரத்தம் எடுத்தாகிவிட்டது, குளுக்கோஸும் குடித்தாகிவிட்டது. எனக்கு நிம்மதி. டாக்டரம்மாகூட அன்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லை. அப்போது தெருவில் சைக்கிளில் போன ஒருவர் சத்தம் போட்டார்: "மூணு பேஸ் வந்திருச்சு!"

அவ்வளவுதான். கிணற்று மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போலப் போய்விட்டார்கள். எஸ்தர் பின்னாலேயே வரப்பில் ஓடினாள். நான் குழாய்களை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன, ஆட்கள்தான் இல்லை. மோட்டார் ரூமுக்குள் இருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: "ஏத்தா, எதுக்கு ஓடியாற? ரத்தம் ஒடம்புலதான் இருக்கு, எங்கயும் போகாது. கரண்டு போயிரும்!"

அவர்களை மறுபடி பிடித்து முடிக்க எங்களுக்கு அந்த அறுவடை வரைக்கும் ஆனது. ஆனால் முடித்தோம்.

நாற்காலிக்காரர்

தேனி முடிந்தது, ஜெயமங்கலம் முடிந்தது. கூடலூர்தான் நகரவே இல்லை. ஏலத்தோட்டப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்குப் போய்விடுவார்கள். இறங்கி வரும்போது இருட்டிவிடும். காலையில் இரண்டு மணி நேரம் உட்கார என்று அவர்களுக்கு நேரமே கிடையாது.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற இடத்தில் இருந்து, பெரிய நாற்காலியில் இருக்கிற ஒரு பெரியவர் தேனிக்கு வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் கூடலூர்க் கணக்கு வரவில்லை என்றால், அந்தக் கூட்டத்தையே எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் வைத்து அறிக்கையை முடித்துவிடலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்தான். எங்களுக்காக இரக்கப்பட்டே சொன்னார். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். பாதி வாழ்க்கையாகக் கேட்டுவந்த கேள்வியை யாரோ மூன்றில் இரண்டாக அறுத்துக் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "உட்கார நேரம் இருக்கிறவங்களை மட்டும் அளந்தா, உட்கார நேரம் இருக்கிறவங்களைப் பத்தி மட்டும்தான் சார் தெரிஞ்சுக்குவோம். மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை

முதலில் ஞாயிற்றுக்கிழமையை யோசித்தோம். அன்று தோட்டம் லீவு. கூடலூரில் அந்தப் பெண்கள் குடியிருக்கிற தெருவுக்கு நானும் எஸ்தரும் போனோம். அந்தத் தெருவில் ஒன்று நடக்க வேண்டும் என்றால் பேச்சியம்மா தலையாட்ட வேண்டும். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். தோட்டத்துக்குப் போகிற பெண்களில் மூத்தவர் அவர்தான்.

நான் விஷயத்தை எப்படியோ திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். பேச்சியம்மா துணி அலசுவதை நிறுத்தவில்லை. தெருமுனைக் கறிக்கடை வரிசையில் தூக்குவாளிகள் வைத்து இடம் பிடித்திருந்ததைக் கையால் காட்டினார். "ஆறு நாளு அந்த மலை எங்களத் திங்குது. இந்த ஒரு நாளு நாங்க கறி திங்கிறோம். அதுலயும் பட்டினியா வந்து உக்காருன்னா, ஒன் டாக்டரம்மாவை மொதல்ல ஒரு நாளு காய் பறிக்க வந்து பாக்கச் சொல்லு."

எஸ்தர் வருத்தப்பட்டாள். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் இருந்தது என்பதை அப்போதுதான் யோசித்தோம்.

ஓடுகிற வண்டியில்

அடுத்தது ஜீப். கூடலூரில் ஏறினால் தோட்டத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வண்டியில் எப்படியும் உட்கார்ந்துதானே போகிறார்கள்? கீழே ஒரு ரத்தம், மேலே ஒரு ரத்தம். இந்த யோசனை எஸ்தருடையது. உடம்பு குலுங்கினால் கணக்கு மாறிவிடும் என்று டாக்டரம்மா தயங்கினார். எதற்கும் மூன்று பேரை வைத்துப் பார்ப்போம், தேறாவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்.

ஜீப் ஓட்டுகிற சுருளிக்கு முப்பது வயது இருக்கும். வளைவில் வேகத்தைக் குறைப்பது அவனுக்கு மானப் பிரச்சினை. வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீர், அதற்கு மேல் பதினாலு பேர் நெருக்கம், அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து லோயர் கேம்ப்பைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே முதல் ஆள் வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து மற்ற இருவரும் எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து, குளுக்கோஸ் குடிக்காத எஸ்தரும் எடுத்தாள். குமுளியில் வண்டியை நிறுத்தி, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். சுருளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்தபடியே நின்றான். "ரிசல்ட்டை நானே சொல்லிர்றேங்கக்கா. சீட்டுக்குச் சர்க்கரை இருக்கு."

மழை பெய்தால் காப்பி கிடையாது

அன்று இறங்கி வரும்போது சுருளி தன் வருமானக் குறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தான். மழைக்காலம் வந்தால் அடிக்கடி மலையில் மண் சரியும், போலீஸ் லோயர் கேம்ப்பில் வண்டிகளை நிறுத்திவிடும், ரோடு திறந்ததாகப் போன் வருகிற வரைக்கும் பெண்கள் எல்லாரும் கூடலூர் ஜீப் ஸ்டாண்டுத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கதை பேசுவார்கள் என்று புலம்பினான். நானும் எஸ்தரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெண்கள் சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போய் மேலேதான் சாப்பிடுவார்கள். வீட்டில் குடிப்பது ஒரு கடுங்காப்பி மட்டும். அந்தக் காப்பியை மட்டும் நிறுத்திவிட்டால் போதும்.

டாக்டரம்மாவே தெருவுக்கு வந்து கேட்டார். ராத்திரி மழை பெய்தால் மறுநாள் காலையில் காப்பி குடிக்க வேண்டாம். ரோடு அடைத்திருந்தால் கொட்டகையில் சோதனை. திறந்திருந்தால் வழக்கம்போல் வண்டி ஏறிப் போகலாம், மேலே போய்க் காப்பி குடித்துக்கொள்ளலாம். வேலைக்கு எந்தக் குறையும் வராது. பேச்சியம்மா மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சம்பளத்துல கை வைக்கல. பாப்போம்" என்றார்.

அதன் பிறகு மழை பெய்த ஒவ்வொரு விடியலிலும் நாங்கள் அந்தக் கொட்டகையில் இருந்தோம். தேனியில் இருந்து முதல் பஸ் பிடித்தால் நேரம் பற்றாது என்று கூடலூரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினோம். மழை பெய்யும், மலை சரியாது. பெண்கள் காப்பி இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு வண்டியில் ஏறிப் போவார்கள். யாருக்கும் அடிபடாமல், கொஞ்சூண்டு மண் மட்டும் சரிய வேண்டும் என்று நான் தினமும் சாமி கும்பிட்டேன். எந்தச் சாமியிடம் இப்படிக் கேட்பது முறை என்று தெரியாததால் எல்லாச் சாமியிடமும் கேட்டேன். பேச்சியம்மா ஜீப்பில் ஏறும்போது தினமும் என்னைப் பார்த்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "தனக்கா, இன்னிக்கும் மலை நல்லாத்தான் இருக்காம். ஒனக்குத்தான் ஒடம்புக்கு ஆகல போல."

ஆரன்

மழைக்காலம் முடியப் போகிற நேரத்தில் ஒரு நாள் விடியலில், சுருளியின் போன் அடித்தது. குமுளி ஏற்றத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது, ஆளுக்கோ வண்டிக்கோ ஒன்றும் ஆகவில்லை, மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். கொட்டகையில் பாய் விரித்தோம். எஸ்தர் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் எடுத்தாள். நான் தம்ளர் தம்ளராக அந்தத் தண்ணீரைக் கொடுத்தேன். பேச்சியம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வரத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். மழை தகரத்தில் அடித்தது. டாக்டரம்மா யாருக்கும் தொந்தரவு தராமல் ஓரத்தில் நின்றார்.

சோதனையின் இரண்டு மணி நேரம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது ரோடு திறந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே மண்ணை அள்ளிவிட்டார்கள். மற்ற ஜீப்புகள் கிளம்பின; எங்கள் ஆட்களுக்குச் சுருளி வண்டியும் அதன் பின்னால் நின்ற இன்னொன்றும்தான் மிச்சம். சுருளி ஆரனை அமுக்கினான். "ஏறுங்க, ஏறுங்க! லேட்டானா சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிருவாரு, ஒரு நாச் சம்பளம் போயிரும்!" பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சேலையை உதறுகிற சத்தம் கேட்டபோது எனக்கு ஜெயமங்கலம் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா முன்னால் வந்தார். "போகணும்னு நினைக்கிறவங்க தாராளமாப் போகலாம். உங்க வேலை உங்களுக்கு முக்கியம். யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் குரல் கடைசியில் லேசாக உடைந்தது எனக்குத் தெரிந்தது.

நாலு பேர் முன்னால் பேச வராதவள் நான். அன்று முப்பது பேர் முன்னால், ஆரன் சத்தத்துக்கு மேலே பேசினேன். "போறவங்க போங்க. ஆனா இப்பப் போனா, குடிச்ச தண்ணி வீணு. இன்னொரு நாளு முதல்ல இருந்து குடிக்கணும். அதைத் தெரிஞ்சிக்கிட்டுப் போங்க." மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

பேச்சியம்மா எழுந்தவர், அப்படியே நின்றார். கவிழ்த்து வைத்த தம்ளரைப் பார்த்தார். "ஐயய்யோ. அந்தக் கருமத்தை இன்னொரு தடவையா?" என்றார். சட்டென்று உட்கார்ந்தார். "உக்காருங்கடி எல்லாரும். அர மணி நேரம்தான. ஏலே சுருளி, ஆரன்ல இருந்து கைய எடு!" அவர் உட்கார்ந்ததும் எழுந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிறகு பேச்சியம்மா இடுப்பில் இருந்து போனை எடுத்து, தோட்டத்துச் சூப்பர்வைசரை அழைத்தார். அவர் மலையாளி. "சாரே, ஞான் பேச்சியம்மா. ரோடு சரியாயி. பட்சே சுருளி வண்டி கேடாயி, ஸ்டார்ட் ஆவுதில்ல. அர மணிக்கூர் சாரே" என்று, வண்டி பழுது, அரை மணி நேரம் ஆகும் என்கிற பொய்யை அரைகுறை மலையாளத்தில் தேன் ஒழுகச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ திட்டு கேட்டது. கடைசியில் சரி என்றுவிட்டார் போலிருக்கிறது, பேச்சியம்மா போனை மடியில் செருகினார். சுருளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நேத்துத்தான் சர்வீஸ் விட்டு எடுத்த வண்டித்தா! ஒங்க சர்க்கரைக்காக என் வண்டிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்திட்டீகளே!"

பதில்

எல்லாரிடமும் இரண்டாவது ரத்தமும் எடுத்தோம். ஐஸ் பெட்டியில் வைத்துத் தேனிக்குக் கொண்டுவந்து, குழாய்களை எண்ணி, மறுபடி ஒரு தடவை எண்ணிக் கொடுத்தேன். ஒன்றும் குறையவில்லை. கூடலூர் கணக்கில் ஏறியது. பணம் கொடுக்கிற இடத்துப் பெரியவரும் மறுபேச்சு சொல்லவில்லை.

முடிவு வந்ததும் டாக்டரம்மா கூடலூருக்குப் போய், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நிறையப் பேருக்கு ஒன்றும் இல்லை. பேச்சியம்மாவுக்கு இருந்தது. அவருக்கு அது வரை தெரியாது. "நாளெல்லாம் மலை ஏறுற எனக்கா? எனக்கு எதுக்கும்மா வருது?" என்று கேட்டார். டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "அதைத்தான் நானும் இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் பேச்சியம்மா. இப்பப் பாதி தெரியுது, மீதியைத் தேடணும்" என்றார். ஓய்வு பெறப் போகிறவர் பேசுகிற பேச்சாக அது இல்லை. பேச்சியம்மா தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க தேடிக்கிட்டே இருங்க, நான் எத்தனை தடவை வேணும்னாலும் வந்து உக்கார்றேன். அதுக்கு முந்தி மாத்திரை எங்கன குடுக்கிறாகன்னு சொல்லிட்டுப் போங்க, எனக்கு நாளைக்கு மலை ஏறணும்."

மறுநாள் சாயங்காலம், மலை இறங்கியதும் நேரே வந்த பேச்சியம்மாவும் நானும் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றோம். முன்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, மனிதர்களை இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைக்கத் தெரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மிச்ச ஆராய்ச்சியை விஞ்ஞானிகள் எப்படியாவது பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே உண்மை என்று தோன்றியது.